இரண்டாவது சாவி

செங்கம் சாலையில் மாடியில் இரண்டே அறைகளோடு அந்தக் குழந்தையின்மை சிகிச்சை மையம் தொடங்கிய நாளிலிருந்து, ஒன்பது வருடங்களாக, டாக்டர் ரேவதிக்கு வலது கை மணிமொழிதான். வரவேற்பு மேசையும் அவளுடையது. கம்ப்யூட்டர் அறைச் சாவியும் அவளுடையது. சுனந்தா வரும் வரைக்கும்.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள வந்த சுனந்தாவுக்கு இருபத்தாறு வயது. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்துச் சமண வீட்டுப் பெண். வந்த வாரமே அந்த அறையின் பூட்டை மாற்றினாள்.

"பாஸ்வேர்டு எவ்ளோ பெருசா வெச்சாலும் பிரயோஜனம் இல்ல மேடம். ஒருத்தன் உள்ள பூந்து டிஸ்க்கையே தூக்கிட்டுப் போயிட்டா என்ன பண்றது? நான் இல்லாம யாரையும் உள்ள விடாதீங்க."

டாக்டர் தலையாட்டினார். பொழுது சாய்வதற்குள் சாப்பிடுவது அவர்கள் வீட்டு வழக்கம் என்று சுனந்தா சொன்னதும், ஐந்து மணிக்கே கிளம்பிக்கொள்ளச் சொன்னார். தன் மகளின் பள்ளி விழாவுக்கு அரை நாள் லீவு கேட்டபோது இதே டாக்டர் முகம் சுளித்தது மணிமொழிக்கு நினைவு வந்தது. வயிறு எரிந்தது.

சித்திரையில் தன் அக்கா கல்யாணத்துக்காக இரண்டு நாள் லீவு போட்ட சுனந்தா, சாவியை மணிமொழியிடம்தான் கொடுத்தாள். எல்லா நோயாளிகளின் விவரங்களையும் நகலெடுத்து வைக்கும் டிஸ்க்கின் பாஸ்வேர்டையும் சொன்னாள். "உங்களத் தவிர யாருக்கும் சொல்லலக்கா."

நீளமான பாஸ்வேர்டு. மறந்துவிடும் என்று ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதி டிஸ்க்கின் அடியில் ஒட்டிவைத்தாள் மணிமொழி. மூன்றாம் நாள் சுனந்தா வந்து, சிரித்தபடியே சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். அந்தச் சிரிப்பைத்தான் மணிமொழியால் பொறுக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே டாக்டரின் மேசை இழுப்பறையில் கிடந்த, அந்தப் பூட்டின் இரண்டாவது சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கெடுதல் செய்யும் எண்ணமில்லை. தன்னிடமும் ஒன்று இருக்கட்டும், அவ்வளவுதான்.

அடுத்த பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். சுனந்தா நடந்து வந்துகொண்டிருந்தாள். பத்தரை மணிக்கு நீலச் சட்டையும் கருவிப் பையுமாக ஒருவன் மாடியேறி வந்தான்.

"யுபிஎஸ் பேட்டரி பாக்க வந்திருக்கேங்க. சுனந்தா மேடம் இருக்காங்களா?"

"இன்னும் வரல."

"அவங்க இல்லாம தொறக்க முடியாதுன்னா அப்புறமா வரேன்."

"ஏன் முடியாது? நான் இல்லையா இங்க?"

கைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவளே கதவைத் திறந்துவிட்டாள். போன் அடிக்கவே மேசைக்குத் திரும்பினாள். கால் மணி நேரத்தில் அவன் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

பன்னிரண்டு மணிக்கு வந்த சுனந்தாதான் டிஸ்க்கைக் காணோம் என்று கண்டுபிடித்தாள்.

"சாவி உங்கிட்டதானே இருக்கு? என்ன பதில் சொல்ற?" என்றார் டாக்டர், எல்லோருக்கும் கேட்கும்படி.

சுனந்தாவின் கண் கலங்கியது. அதைப் பார்த்த மணிமொழிக்கு, சொல்ல வெட்கம், நெஞ்சு குளிர்ந்தது.

"தெரியல மேடம். ஆனா பாஸ்வேர்டு இல்லாம அதுல ஒரு எழுத்தக்கூட படிக்க முடியாது."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, அதையாவது செஞ்சு வெச்ச."

இப்போதும் அவளுக்குத்தான் பாராட்டு என்று பொங்கிய மணிமொழிக்கு, அப்போதுதான் பிளாஸ்திரி நினைவுக்கு வந்தது.

எதிர் பெஞ்சில் அருணாதேவி உட்கார்ந்திருந்தாள். பல் வலி என்று மாமியாரிடம் பொய் சொல்லிவிட்டு மாதாமாதம் வருகிறவள். குறை கணவனிடம்தான். அது வெளியே தெரிந்தால் அவன் ஊரில் தலைகாட்ட முடியாது என்று அழுதிருக்கிறாள். "எங்க பேரு வெளிய போவாதுல்லக்கா?" என்று அவள் கேட்டபோதெல்லாம் "போவாதும்மா" என்று சொன்னது மணிமொழிதான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மணிமொழி எழுந்து டாக்டரின் அறைக்குள் போனாள்.

"மேடம், கதவைத் தொறந்தது நான்தான். பாஸ்வேர்டும் அந்த டிஸ்க்கு அடியிலதான் ஒட்டியிருக்குது."

"ஏங்கா?" என்றாள் அங்கே நின்றிருந்த சுனந்தா.

"உம்மேல பொறாமை. வேற என்னான்னு சொல்றது?"

போலீசில் புகார் கொடுத்தார்கள். படிக்கட்டுக் கேமராவில் அவன் முகம் இருந்தது. நான்காம் நாள் வேலூரில் பிடித்தார்கள், டிஸ்க்கும் கிடைத்தது. ஆனால் அதற்குள் அவன் ஏழு குடும்பங்களைப் பணம் கேட்டுப் போனில் மிரட்டியிருந்தான். டாக்டர் மணிமொழியை வேலையை விட்டு அனுப்பவில்லை. எல்லா நோயாளிகளையும் அவளே கூப்பிட்டு நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றார்.

அருணாதேவி போனை எடுத்தாள். "அவன் முன்னமே பேசிட்டான்கா. எங்க மாமியார்தான் எடுத்தாங்க."

இதைப் போனில் பேசி முடிக்க மணிமொழிக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறி அந்த ஊருக்கே போனாள். வாசலில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்த மாமியார் ராஜம்மாள், அவள் சொன்னதை முழுதாகக் கேட்டாள். தப்பு தன்னுடையது, அருணாதேவி மேல் கோபப்பட வேண்டாம் என்று மணிமொழி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எம்புள்ளைக்குக் கொறன்னா டாக்டராண்ட காட்டத்தான் வேணும். அதுல அவ மேல எனக்கு என்னா கோவம்?" என்றாள் ராஜம்மாள். "ஆனா, பெத்தவளாண்ட சொல்லாத சேதிய உங்கள நம்பிதானே அதுங்க சொல்லிச்சிங்க?"

உள்ளேயிருந்து அருணாதேவி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து மணிமொழியின் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனாள்.