புள்ளி செல்லாது

1

பெருமதிப்பிற்குரிய வாசகர்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. வெப் சர்வருக்குள் நுழையும் தகவல்களைச் சரிபார்க்கும் விதிகளை நாயகனாகக் கொண்ட மகத்தான கதை ஒன்று இங்கே தொடங்குகிறது. யாரும் எழுந்து நிற்க வேண்டாம்.

இது பிறந்த இடம் ஒரு படிவம். போன வாரம் இணையத்தில் எதற்கோ விண்ணப்பித்தேன். 'உங்கள் பெயர் சரியான பெயர் அல்ல' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. ஐம்பத்திரண்டு வருஷமாக அந்தப் பெயரோடுதான் குப்பை கொட்டுகிறேன். மாற்றி மாற்றி அடித்தும் மூன்று முறை அதே சிவப்பு. அந்த விதியை எழுதியவன் எங்கோ ஏசி அறையில் டீ குடித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்ததும் வயிறு எரிந்தது. அவனைக் கதைக்குள் இழுத்து வந்து நாலு சாத்து சாத்தலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

2

"மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்த அந்த மாலையில் அவன்—"

[வேண்டாம். அவன் வேலை செய்யும் அறைக்கு ஜன்னலே கிடையாது.]

"கறார் என்று அலுவலகமே அழைத்த அவன், இதயம் என்பதே இல்லாத—"

[இதுவும் வேண்டாம். இதயமில்லாதவனை வைத்துக்கொண்டு யாரைப் பதறவைப்பது?]

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு மருத்துவமனையின் சர்வருக்கு விதி எழுதுகிறவன் அவன். பட்டப்பெயர் கறார். யார் எந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பினாலும், உள்ளே விடலாமா கூடாதா என்று வாசலிலேயே நிறுத்திப் பார்க்கும் விதிகள். படிவத்துக்குப் படிவம் தனியாக எழுதினால் கை ஒடிந்துவிடும். ஆகவே எல்லாப் படிவத்துக்கும் பொதுவான அச்சாக, 'ஆள்' என்று ஒரே ஒரு ஸ்கீமா எழுதினான். ஆளுக்குப் பெயர் உண்டு, பிறந்த தேதி உண்டு, போன் எண் உண்டு, மூன்றும் கட்டாயம். இரண்டு படிவங்களில் மூன்றும் ஒத்துப்போனால் இரண்டும் ஒரே ஆள். புறநோயாளி, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே என்று முப்பத்தொரு படிவங்கள் அதையே எடுத்துக்கொண்டன. ஒரு இடத்தில் திருத்தினால் முப்பத்தொரு இடத்திலும் திருந்தும் என்று மீட்டிங்கில் அவன் சொன்னபோது மேனேஜர் கைதட்டினார்.*

* அவருக்குப் புரிந்ததா என்று கேட்காதீர்கள். முப்பத்தொன்று என்ற எண் அவருக்குப் பிடித்திருந்தது.

போன மாதம், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள் கிடப்பதைப் பார்த்தான். பரிசோதனைப் படிவங்களில் மட்டும் அறுபது எழுபது புள்ளிகள். எல்லாம் சோம்பேறித்தனம் என்று முடிவுகட்டி, 'பெயரில் குறைந்தது இரண்டு எழுத்து' என்று ஒரு வரி சேர்த்தான். புள்ளிகள் ஒழிந்தன. அன்று கேன்டீனில் தனக்குத்தானே இரண்டாவது காபி வாங்கிக்கொண்டான்.

3

இங்கே எனக்கு ஒரு சங்கடம். வில்லனாகக் கூட்டிவந்தவனுக்கு ஓர் அக்கா முளைத்துவிட்டாள். நான் கூப்பிடவில்லை. அதே மருத்துவமனையில் முந்தாநாள் பெண் குழந்தை பெற்று, பிரசவ வார்டில் இருக்கிறாள். குழந்தைக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை. அக்காவும் மாமாவும் கல்யாணமான நாளிலிருந்து எதில்தான் ஒத்துப்போனார்கள்? காலையில் குழந்தையின் குதிகாலில் குத்தி மஞ்சள் காமாலைக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு சரியாக இருந்தால் இன்றே வீடு. இல்லையென்றால் நீல விளக்கின் அடியில் கிடத்த வேண்டும். விட்டுவிட்டால் மூளையைப் பாதிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பதினோரு மணிக்கு முடிவு வந்தது. எல்லாம் சரி. அக்கா துணிகளை மடித்தாள். மாமா வண்டி கொண்டுவரப் போனார். கறார் பையைத் தூக்கிக்கொண்டு நர்ஸின் மேஜையைத் தாண்டும்போது திரை கண்ணில் பட்டது. அவனுடைய படிவம். தான் பெற்றதை எட்டிப் பார்க்காமல் யாரால் போக முடியும்?

"பேர்ங்கற இடத்துல 'பாப்பா'ன்னு இருக்கே, சிஸ்டர்?"

"பேரே வைக்காத குழந்தைக்கு நான் எந்தப் பேரைப் போடறது? முன்னாடி ஒரு புள்ளி வெச்சு அனுப்புவோம். லேப்ல புள்ளியப் பாத்ததும் போன் பண்ணி, எந்த பெட்டுன்னு கேட்டு ட்யூப்லயே எழுதிக்குவாங்க, முடிவும் போன்லயே வரும். இப்ப எவனோ ஒரு புண்ணியவான் புள்ளி செல்லாதுன்னுட்டான்."

"இப்ப லேப்ல கேக்கறதில்லையா?"

"எதுக்குக் கேக்கணும்? அதான் பேர் இருக்கே."

போன் எண்ணும் கட்டாயம் என்பதால் எல்லாக் குழந்தைக்கும் வார்டின் போன் எண்ணையே போடுகிறார்களாம். பிறந்த குழந்தைக்கு ஏது போன் என்றும் கேட்டார்.

முந்தாநாள் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று கேட்டான். நான்கு. நான்கும் பாப்பா. ஒரே தேதி, ஒரே எண். (மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள். அவன் எழுதியது, நான் எழுதவில்லை.) நான்கு குழந்தைகளும் சர்வருக்குள் ஒரே குழந்தையாகியிருந்தன. ட்யூபில் ஒட்டிய நான்கு லேபிளும் ஒன்றே. அந்த ஒரு குழந்தைக்கு இன்று காலை நான்கு முடிவுகள். கடைசியாக வந்ததைத்தான் திரை காட்டும். நான்கு தாய்மார்களுக்கும் அதைப் பார்த்துத்தான் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

தன் போனிலிருந்து சர்வருக்குள் நுழைந்து நான்கு முடிவுகளையும் தேடி எடுத்தான். மூன்று சரி. ஒன்று மிக அதிகம். எது யாருடையது என்று எந்த வரியிலும் இல்லை.

4

கதையின் முடிவு, முதல் வரைவு: அவன் வாயைத் திறக்கவில்லை. விதியைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டு, தன் அக்கா குழந்தைக்கு மட்டும் இன்னொரு முறை பார்க்கச் சொல்லி—

[கை கூசியது. அவனுக்கும் கூசியிருக்க வேண்டும். பையைக் கீழே வைத்துவிட்டான்.]

"அந்தப் புண்ணியவான் நான்தான், சிஸ்டர்," என்றான்.

அவர் திட்டவில்லை. விஷயத்தை முழுதாகக் கேட்டார், டாக்டருக்கு போன் போட்டார், வாசலில் இருந்த காவலாளியிடம் யாரையும் வெளியே விடாதே என்றார். நான்கு குதிகால்களிலும் மறுபடி ஊசி. இந்த முறை பிளாஸ்டர் துண்டில் படுக்கை எண்ணை பால்பாயின்ட் பேனாவால் எழுதி ட்யூபில் ஒட்டினார். அழுகைச் சத்தத்துக்கு நடுவே அக்கா அவனைப் பார்த்தாள்.

"பேர் வைக்கலேன்னா அது ஆளே இல்லையாடா?"

அவன் ஸ்கீமாவின்படி ஆளே இல்லைதான். அதைச் சொல்லும் அளவுக்கு அவன் கறார் இல்லை.

5

ஒரு மணி நேரத்தில் லேப்பிலிருந்து போன் வரும். நான் எழுதி வைத்திருந்த முடிவில் அக்கா குழந்தைக்கு ஒன்றுமில்லை. நீங்களும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருப்பீர்கள். அப்படியென்றால் மற்ற மூன்று படுக்கைகளில் ஒன்றை நோக்கிக் கையை நீட்டிவிட்டீர்கள் என்று பொருள். ஜன்னலோரத்தில் இருப்பவள் போவோர் வருவோரிடமெல்லாம் மணி கேட்கிறாள். நடுவில் இருப்பவள் குழந்தையின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், மஞ்சளா, வெயிலா என்று. கதவோரத்தில் இருப்பவள் அசதியில் தூங்குகிறாள். அவளை எழுப்பி இன்னும் யாரும் சொல்லவில்லை. இவர்களுக்கு இதுவரை ஒரு வரிகூட நான் ஒதுக்கவில்லை. மூவரையும் ஒன்றாகச் சுருட்டி வைத்ததில் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? சாத்த வந்தவன் நான்.

போன் அடிக்கிறது. சிஸ்டர் எடுக்கிறார். பேனாவைத் திறந்து, "எந்த பெட்?" என்கிறார்.

நீங்கள் சொல்லுங்கள். என்னால் ஆகாது.

திங்கட்கிழமை மீட்டிங்கில், முப்பத்தொரு படிவங்களிலும் இனி புள்ளி செல்லும் என்று முடிவானது.