ரத்தினத்தின் இரண்டு பெட்டிகள்

...சாத்தூர் தாண்டுவதற்குள் சொல்லிவிடலாம் என்றுதான் பால்துரை இருந்தார், சாத்தூரும் தாண்டிவிட்டது, வைப்பாற்றுப் பாலத்தில் கார் ஏறியபோது வாய் வரைக்கும் வந்தது, ஏட்டி, மாப்ள போன்ல ஒண்ணு சொன்னாரு என்று ஆரம்பித்தால் போதும், மிச்சம் தானாக வந்துவிடும், ஆனால் அந்த நேரம் பார்த்துப் பின்சீட்டில் மனைவி ரத்தினத்தின் செல்போன் அடித்தது, அவள் எடுத்து, சொல்லும்மா, என்றாள், அந்தக் குரல்... அந்தக் குரலில் தன்னிடம் எப்போதாவது பேசியிருக்கிறாளா? அவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார், உளுந்து எடுத்துவிட்ட கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. போனில் சுஜா, அமெரிக்காவில் இருக்கும் ஒரே மகள், அங்கே இப்போது ராத்திரி, நிறைமாத வயிற்றோடு தூக்கம் வராமல், பிரசவம் பார்க்கப் புறப்பட்டுவிட்ட அம்மாவைக் கூப்பிடுகிறாள், அப்பாவைக் கூப்பிட அவளுக்குத் தோன்றாது, வீட்டு போனை அவர் எடுத்தால்கூட, நல்லா இருக்கீங்களாப்பா, கடை எப்படிப் போகுது, அம்மாட்ட குடுங்க, அவ்வளவுதான், கோவில்பட்டி மார்க்கெட்டில் பாதிப் பேர் அண்ணாச்சி அண்ணாச்சி என்று காத்துக் கிடக்கும் மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரர், மகளுக்கு வெறும் டெலிபோன்தான், அம்மா இருக்கும் இடத்துக்கு எடுத்துக் கொடுக்கிற ஆள். பின்னால் ரத்தினம் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள்? அவர் திரும்பவில்லை, கழுத்து மட்டும் விறைத்துக்கொண்டது.

மாப்பிள்ளை ஆண்ட்ரூஸ் சொன்னதில் குழப்பம் எதுவும் இல்லை, போன ஞாயிற்றுக்கிழமை ரத்தினம் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் கூப்பிட்டார், பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார், "மாமா, அத்தைக்கு ரெண்டு டிக்கெட்டு தனித்தனியா எடுத்திருக்கேன். மதுரையிலருந்து மெட்ராஸுக்கு ஒரு கம்பெனி, மெட்ராஸ்லருந்து இங்க வாரதுக்கு வேற கம்பெனி. பெரிய ஃப்ளைட்ல ரெண்டு பெட்டி சும்மா விடுவான். மதுரை ஃப்ளைட்டுக்காரன் விட மாட்டான், ஒரு பெட்டிக்கு மேலன்னா கிலோக் கணக்குல காசு கேப்பான். மெட்ராஸ்ல பெட்டிய எடுத்து மறுபடி அவங்ககிட்ட போடணும், அதுவாப் போகாது. அத்தைகிட்ட மறக்காமச் சொல்லிருங்க." சரி மாப்ள, என்றார். நாள் பூராவும் மூட்டையை எடை போடுகிறவருக்கு இதுவா மறக்கும்? ரத்தினம் கோயிலிலிருந்து வந்ததும் சொல்லத்தான் எழுந்தார், அவள் சேலையைக்கூட மாற்றாமல் நேரே உள்ளே போய், புதிதாக வாங்கியிருந்த ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு, பட்டாசாலைக்கும் அடுக்களைக்குமாக நடந்து பழக ஆரம்பித்துவிட்டாள், வெள்ளை ஷூ, பக்கத்தில் நீலக் கோடு, பட்டுச்சேலைக்குக் கீழே அது டப் டப்பென்று போய்வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பாதங்களை அவர் செருப்போடு பார்த்திருக்கிறார், வெறுங்காலோடு பார்த்திருக்கிறார், பித்தவெடிப்புக்கு மருந்துகூட வாங்கிக் கொடுத்திருக்கிறார், ஷூவுக்குள் போனதும் அவை யாருடைய பாதங்களாகவோ ஆகிவிட்டன. எப்படி இருக்கு? என்று கேட்டாள், கேட்டது அவரிடம் இல்லை, கண்ணாடியிடம். சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

வயிற்றெரிச்சலா? சீ, சொந்தப் பெண்டாட்டி மேலா? கடையில் எதிர்க்கடைக்காரன் லாரி வாங்கியபோது வந்தது வயிற்றெரிச்சல், அதற்கு ஒரு கணக்கு இருந்தது, இவளிடம் என்ன இருக்கிறது பொறாமைப்பட? மணியாச்சியில் ரயில் மாறுவதற்கே, ஏங்க, இந்த வண்டிதானா, நல்லாக் கேட்டுட்டீங்களா, என்று அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், இப்போது துபாயில் இறங்கி மாறணும், அங்க நாலு மணி நேரம் இருக்கணும் என்று பக்கத்து வீட்டுப் பொன்மணியிடம் கடம்பூர் போய்வருகிற மாதிரிச் சொல்கிறாள். விசாவுக்கு மெட்ராஸில் வெள்ளைக்காரி கேட்ட கேள்விக்கெல்லாம் தானே பதில் சொன்னாளாம், அதைப் பத்துப் பேரிடம் சொல்லியாயிற்று. நீங்களும் வாங்களேன் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, யாராவது சொன்னார்களா? மகள் சொல்லவில்லை, மாப்பிள்ளை சொல்லவில்லை, இவளே முந்திக்கொண்டு, அவியளுக்குக் கடை இருக்குல்லா, எப்படி வருவாவ, என்று முடித்துவிட்டாள். சொல்லியிருந்தால் அவர் போயிருக்கப் போகிறாரா, வத்தல் வரத்து நேரத்தில் கடையைப் போட்டுவிட்டா, முடியாது என்றுதான் சொல்லியிருப்பார்... ஆனால் அதைச் சொல்லுகிற இடத்தில் அவரை வைத்திருக்கலாம் இல்லையா?

பெட்டிகளை அவருடைய கடையில்தான் எடை போட்டார்கள், நேற்று, மூட்டை வைக்கிற மெஷினில், சுற்றிலும் வத்தல் நெடி, அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கருப்பட்டி, பிள்ளை பெற்றவளுக்கு மருந்துப் பொடி, பழைய நூல்சேலையைக் கிழித்துத் தைத்த குழந்தைத் துணி, மாப்பிள்ளைக்குக் கடலை மிட்டாய், எல்லாம் மகளுக்கும் மருமகனுக்கும் இன்னும் பிறக்காத ஒரு உயிருக்கும். அங்கன வச்சாவது சொல்லியிருக்கலாம். இரண்டு பெட்டியும் ஏறி இறங்கியதும் அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்து, "வேற ஏதும் இருக்கா, நான் தெரிஞ்சுக்க வேண்டியது?" என்று கேட்டாள், அவர், ஒண்ணுமில்ல, எல்லாம் சரியா இருக்கு, என்றார். ஏன் அப்படிச் சொன்னார்? ஏனென்றால் அதற்குள் மனசில் ஒரு படம் ஓட ஆரம்பித்திருந்தது, ஏர்போர்ட்டில் பெட்டியை வைக்கிறாள், கவுண்டரில் இருக்கிற பெண் முடியாது என்கிறாள், இவளுக்குக் கை கால் ஓடவில்லை, ஷூவெல்லாம் மறந்துபோய்த் திரும்பிப் பார்க்கிறாள், ஏங்க, இங்க வாங்களேன், என்று கூப்பிடுகிறாள், அவர் மெதுவாகப் போய், சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து... அதற்கென்றே கடையிலிருந்து எடுத்தும் வைத்திருக்கிறார், இதில் யாருக்கு என்ன நஷ்டம், அவளை அழவிடப் போகிறாரா என்ன, ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் அவள் அவரைத் தேட வேண்டும், அவ்வளவுதானே, அது ஒரு பாவமா?

விருதுநகர் போனது, திருமங்கலம் போனது, டிரைவர் சீனி ரிங் ரோட்டில் திருப்பி, ஏர்போர்ட் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். பெட்டிகளை இறக்கித் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு பால்துரை முன்னே நடந்தார், வாசலில் துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் கையை நீட்டித் தடுத்தான், டிக்கெட் இருப்பவர் மட்டும்தான். இதை அவர் நினைக்கவே இல்லை. பார்வையாளர் சீட்டு கிடைக்கும் என்றார்களே? இன்றைக்குக் கிடையாதாம், ஏதோ பாதுகாப்பாம். தள்ளுவண்டியின் பிடி அவர் கையிலிருந்து அவள் கைக்குப் போனது, இப்போது சொல்லியே ஆகவேண்டும், இதற்கு மேல் நேரம் இல்லை, ஏட்டி, என்றார், என்ன, என்று நின்றாள், நின்று நன்றாகவே அவர் முகத்தைப் பார்த்தாள், பின்னால் வரிசை நெருக்கியது, "பாத்துப் போ," என்றார், அது மட்டும்தான் வந்தது. அவள் ஜெபம் பண்ணுகிறவள்போல ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, போயிட்டு வாரேன், என்று உள்ளே போய்விட்டாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். அவள் கவுண்டருக்குப் போனாள், ஒரு பெட்டி ஏறியது, இன்னொன்றும் ஏறியது, உதட்டுச் சாயம் பூசிய பெண் எடையைக் காட்டி என்னவோ சொன்னாள், இதோ, இப்போது திரும்புவாள், அவர் செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டார், கண்ணாடியில் நெற்றி முட்டியது, தள்ளி நில்லுங்க சார், என்றான் யாரோ. ரத்தினம் திரும்பவில்லை. தலையை ஆட்டினாள், கைப்பையைத் திறந்து ஒரு காக்கிக் கவரை எடுத்தாள், தேடவில்லை, எண்ணவில்லை, கவர் மேலாகவே இருந்தது, பக்கத்துக் கவுண்டருக்கு நடந்து போய்க் கட்டி, ரசீதை வாங்கிவந்து நீட்டினாள், பெட்டிகள் உள்ளே நகர்ந்தன. போன் அடித்தது.

"ஏங்க, பெட்டி போட்டாச்சு. கூடுதல் எடைக்குக் காசு கட்டிட்டேன். மெட்ராஸ்ல எடுத்து அடுத்த கம்பெனில மறுபடி போடணும்."

"ஒனக்கு... யாரு சொன்னா?"

"மாப்ளதான். போன ஞாயித்துக்கிழமையே. மாமாகிட்ட சொன்னேன், எதுக்கும் ஒங்களுக்கும் சொல்லுதேன் அத்தைன்னு சாயங்காலம் கூப்பிட்டாரு."

கண்ணாடிக்குள் அவள் முதுகு தெரிந்தது, தோளில் பை, காதில் போன்.

"மறந்துட்டீங்க போல," என்றாள்.

கேள்வியாகக் கேட்கவில்லை. அவருக்கென்று ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

"ஆமா... மறந்துட்டேன்."

"ம். நேரத்துக்குச் சாப்பிடுங்க. வச்சுருதேன்."

வைத்துவிட்டாள். பரிசோதனைக்கான வரிசையில் போய் நின்றாள், முன்னால் நின்ற பெண்ணிடம் என்னவோ கேட்டாள், தலைகள் மறைத்தன, பிறகு தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே தெரியும், அப்படியானால் அவ்வளவு நாளும் தெரிந்தேதான் சோறு போட்டாள், தெரிந்தேதான் கடையில் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள், தெரிந்தேதான் வாசலில் நின்றாள், அவர் சொல்வாரா என்று பார்த்துக்கொண்டு... கோபப்பட்டிருக்கலாமே, நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே, மறந்துட்டீங்க போல, இந்த 'போல'வை இதற்கு முன்னால் எங்கெல்லாம் கேட்டிருக்கிறார், எத்தனை தடவை அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்ததாக நினைத்திருக்கிறார்? சீனி பக்கத்தில் வந்து, அண்ணாச்சி, போலாமா, என்றான். கார்ப் பயணத்தில் மகளோடு சிரித்தாளே, அது இதைச் சொல்லித்தானா, அப்பா இன்னும் வாயைத் திறக்கலட்டி என்று சொல்லியா சிரித்தாள்? இல்லை, ஒருவரிடமும் சொல்லாமல், மாப்பிள்ளையிடம் மாமா அப்பவே சொல்லிட்டாவ என்று அவருக்காகப் பொய் சொல்லிவிட்டு, தனியாகவே வைத்துக்கொண்டாளா? இரண்டில் எது என்று கேட்க வழியில்லை, கேட்டால் மறக்கவில்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும், இரண்டில் எது தன்னை அதிகமாகச் சுடும் என்றும் அவருக்குத் தெரியவில்லை, ஒரு நிமிஷம் இரு, என்று சீனியிடம் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.