ரொஸ்ஸரின் மகன்

மாமி தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது, மேசையின் மறுமுனையில் கரெத் தன் மடிக்கணினியைத் திறந்தான். திரையில் ஒரு பச்சை மலை. அதன் மேல் ப்ரொஸ்ஸர் என்று அவனுடைய குடும்பப் பெயர். என் தங்கை நிலக்சி அவனிடம், எங்கள் வீட்டில் உன் குடும்பத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள் என்று எச்சரித்திருந்தாள். அவன் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டான். விடுமுறையில் வேல்ஸுக்கே போய், மூத்தோர் இருந்த ஊர்களைத் தேடி, படம் எடுத்து, வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்திருந்தான். கலியாணத்துக்கு முன்னால் எங்கள் ஆட்கள் 'விசாரிப்பது' எதற்காக என்று தெரிந்திருந்தால், இத்தனை சந்தோஷமாக வந்திருக்க மாட்டான்.

மாமி, அப்பாவின் மூத்த அக்கா, ஊரான சுன்னாகத்திலிருந்து ஜெர்மனிக்கு விசா எடுத்து வந்திருந்தார். அவர் தலையசைக்காமல் அப்பா எந்தக் கலியாணத்துக்கும் நாள் வைக்கமாட்டார். மாமிக்கு ஜெர்மன் தெரியாது, கரெத்துக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்கு இரண்டும் தெரியும். ஆனால் பெண்ணைப் பெற்றவர் தன் வாயால் இதையெல்லாம் கேட்பது மரியாதையில்லையாம். கலியாணமாகாத அக்காக்காரி கேட்கலாமாம். என்னை நடுவில் இருத்தியிருந்தார்கள்.

"என்ன பேர் உது? ஜெர்மன்காரற்ர பேர் மாதிரியெல்லோ கிடக்கு. கேட்டுச் சொல்லு பிள்ளை."

கேட்டேன். கரெத்தின் முகம் மலர்ந்தது. இங்கே எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்றான். முன்பு வேல்ஸில் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. தகப்பனின் பெயர்தான். 'அப்' என்றால் மகன். அப் ரொஸ்ஸர், ரொஸ்ஸரின் மகன். சேர்த்துச் சொன்னால் ப்ரொஸ்ஸர். அவனுடைய மகனுக்கு வேறு பெயர் வந்திருக்க வேண்டும். ஆனால் இங்கிலாந்துச் சட்டம் அந்த நாட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. நீதிமன்றத்து எழுத்தர்களுக்குத் தலைமுறைக்குத் தலைமுறை மாறும் பெயர் பிடிக்கவில்லை. எழுதிய இடத்திலேயே அதை நிறுத்திவிட்டார்கள். ஆடு மேய்த்த ஏதோ ஒரு ரொஸ்ஸருக்கு அன்றிலிருந்து முடிவில்லாமல் மகன்கள்.

நான் தமிழில் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் தபால்பெட்டியில் பெயராக இருக்கும் விஜயரத்தினம் அப்பாவின் அப்பா. அகதியாக வந்த அப்பா தகப்பன் பெயரைச் சொல்ல, அலுவலகத்தில் இருந்தவர் அதைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டார். ஜெர்மனியைக் கண்ணால் காணாத ஒரு மனிதரின் பெயரில் என் பல்வைத்தியர் என்னைக் கூப்பிடுகிறார்.

"அப்ப எங்களை மாதிரித்தான்," என்றார் அப்பா, பெருமையாக.

"பேரில ஒண்டும் பிடிபடாது தம்பி," என்றார் மாமி. விரல்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் விட்டு எடுத்தார். "என்ன தொழில் செய்த ஆக்கள் எண்டு கேள்."

கரெத் அடுத்த படத்துக்குப் போனான். நிலக்கரி தோண்டத் தொடங்கியதும் மலையிலிருந்து கீழே இறங்கியிருக்கிறார்கள். சுரங்க வாசலுக்கு எதிரே ஒரு சின்னக் கடை. கதவோரம் சிவப்பும் வெள்ளையுமாகச் சுற்றிய கம்பம். வெள்ளை மேலங்கியோடு ஒருவர் கதவில் சாய்ந்து நிற்கிறார். பூட்டன் என்றான். முடிதிருத்துபவர். தாத்தாவும் அதே தொழில். பிரித்தானிய இராணுவத்தோடு இங்கே வந்து, முகாமில் சிப்பாய்களுக்கு முடிவெட்டி, ஒரு ஜெர்மன்காரியைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார்.

அப்பாவின் கை தண்ணீர்க் கோப்பையில் நின்றது. அம்மா எழும்பி, தேவையில்லாமல் பருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார்.

அப்பா சிரித்துக்கொண்டே ஜெர்மனில் என்னிடம், வைத்தியர் என்று சொல், அந்தக் காலத்தில் அவர்கள்தான் பல்லும் பிடுங்கினார்கள், கட்டியும் அறுத்தார்கள் என்றார். கரெத் அதைப் பகிடி என்று நினைத்துச் சத்தமாகச் சிரித்தான். இல்லை இல்லை, வைத்தியர் இல்லை, வெறும் முடிவெட்டுபவர்கள்தான், தன் அப்பாவும் அதுதான், போன வருடம்தான் கடையை மூடினார் என்றான்.

"என்னவாம்?" என்றார் மாமி.

மேசைக்குக் கீழே நிலக்சியின் கால் என் காலைத் தேடி வந்து அழுத்தியது. அவளைப் பார்த்தேன். கண்ணால் கெஞ்சினாள்.

நான் கட்ட நினைத்திருந்த மிதுஷன் இந்த வீட்டுக்கு ஒரே ஒரு முறை வந்தான். இதே மேசையில் இருந்து தேநீர் குடித்தான். அப்பாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. டோர்ட்மண்டில் நல்ல வேலை, நல்ல பழக்கம், மெல்லப் பேசுகிற பையன். அடுத்த நாள் ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. தன் பிள்ளைகள் சவரக்கத்தியையும் கத்தரிக்கோலையும் தொடக் கூடாது என்று பட்டினி கிடந்து படிப்பித்த ஒரு மனிதரின் பேரன் அவன் என்று தெரியவந்தது. அந்தத் தொழிலின் பெயரைக்கூட அப்பா சொல்லவில்லை. எங்கட ஆக்கள் இல்லை என்றார், அவ்வளவுதான். அவன் குடித்த கோப்பையை அம்மா பேப்பரில் சுற்றிக் கறுப்புக் குப்பைத்தொட்டிக்குள் போட்டார். கழுவிய கோப்பையை. அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து இந்த வீட்டுச் சாப்பாட்டில் எனக்கு ஒரு நாற்றம் உண்டு. எண்ணெயில் இல்லை, மீனில் இல்லை. தட்டை எவ்வளவு தேய்த்தாலும் போகாதது.

இப்போது ஒரு சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. வைத்தியர் என்றால் தங்கைக்குக் கலியாணம். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அந்த ஆசையில் நியாயம் மட்டுமா இருந்தது? எனக்கு நடந்தது அவளுக்கும் நடக்கட்டும் என்ற ஒன்றும் அதற்குள் நெளிந்தது. அதைக் கண்டபோது மாமியின் ஈர விரல்களைவிட என் மேல் எனக்கு அருவருப்பு வந்தது. ஆனால் அப்பாவின் சிரிப்பு இன்னும் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல ஏலவில்லை.

"தலைமயிர் வெட்டுற ஆக்கள் மாமி. தகப்பன், தாத்தா, பூட்டன், எல்லாரும்."

நிலக்சியின் கால் விலகியது. மாமி மெல்லுவதை நிறுத்தினார். கரெத்தை உற்றுப் பார்த்தார், அவனுடைய நீலக் கண்ணை, மேசையில் கிடந்த அவனுடைய வெள்ளைக் கைகளை. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அட, வெள்ளைக்காரர்தானே. அவையளுக்கு உதுகள் ஒண்டும் இல்லைத்தானே பிள்ளை. தம்பி, உனக்கினிச் சலூன் செலவில்லை. சம்பந்தி வெட்டிவிடுவார்."

அப்பாவும் சிரித்தார். இந்த முறை உண்மையாகவே. எழும்பிப் போய்க் கரெத்தின் தோளில் கைபோட்டு, அந்தக் கடைப் படத்தைத் தனக்கு அனுப்பச் சொன்னார். "கலியாண மண்டபத்தில பெரிசாத் திரையில போடலாம். பரம்பரை எண்டால் சும்மாவே?"

அம்மா பாயாசத்தோடு வெளியே வந்தார். நிலக்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் எறிந்தது கல் என்று நினைத்திருந்தேன். அது ஒருவர்மேலும் படவில்லை.

"அப்ப மிதுஷன்?" என்றேன்.

மாமி பாயாசத்திலிருந்து நிமிர்ந்தார். "ஆரது மிதுஷன்?"

"ஒருத்தருமில்லை அக்கா," என்றார் அப்பா. "நீங்கள் குடியுங்கோ."

நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டு குசினிக்குள் போனேன். மாமியின் தட்டில் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை குவிந்திருந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டுத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அந்தத் தட்டைக் கழுவினேன்.

கரெத் மிச்சத் தட்டுகளோடு வந்தான். என்னிடமிருந்து ஈரத் தட்டை வாங்கித் துடைக்கத் தொடங்கினான். மாமியிடம் தேறிவிட்டேனா என்று கேட்டான். தேறிவிட்டாய் என்றேன். அடுத்த தட்டை எடுத்தான்.

"மிதுஷன் யார்?" என்று கேட்டான்.

இந்த வீட்டில் அதை ஒருவர் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் சொல்ல வாயெடுத்தேன். எங்கிருந்து தொடங்குவது? உன் தகப்பன் பற்றிச் சொல்லிவிட்டா, உன் நிறம் பற்றிச் சொல்லிவிட்டா? அவன் தட்டை வைக்கக் குனிந்தபோது கழுத்தைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டைக் கொலரின் உள்ளோரம் முழுக்கச் சின்னச்சின்ன முடித்துணுக்குகள். நான் பார்ப்பதை உணர்ந்து அவன் அந்த இடத்தைத் தடவினான்.

"காலையில் அப்பா வெட்டிவிட்டார்," என்றான். "உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றதும் கத்தரிக்கோலைத் தேடி எடுத்தார். இன்னும் ஒட்டியிருக்கிறதா?"

தட்டிவிடச் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். உள்ளே மாமி எதற்கோ சிரித்தார். என் கையில் ஈரத் துணி இருந்தது. அந்தக் கை அவன் கழுத்துக்கு எழவில்லை. துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அவனுடைய புதுக் காலுறையின் மேல்.