ஏழாவது கேள்விக்கு எழுதிய பதில்

மார்லிஸ் ஏங்கன் இருபத்தாறு வருடமாக வீடு விற்றுக் கொடுத்து வந்தவள். அந்தக் கவுண்டியில், அதாவது அந்தச் சின்ன மாவட்டத்தில், அவள் கை படாத கதவுப் பூட்டு குறைவு. சட்டமன்றத் தேர்தலில் நிற்கிறேன் என்று அவள் சொன்னதுமே, மனை முகவர் சங்கத்தின் ஆதரவு அவளுக்குத்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கிளைச் சங்கத்துக்கு இரண்டு முறை தலைவியாக இருந்தவளை விட்டுவிட்டு வேறு யாருக்குப் போகும்?

ஆதரவு என்றால் வெறும் பெயருக்கு இல்லை. சங்கம் யாரை ஆதரிக்கிறதோ அவர் படம் போட்ட அட்டை, தொகுதியிலுள்ள ஒவ்வொரு தபால் பெட்டிக்கும் நாலைந்து தடவை போகும். போன முறை டேல் ஹோவ்லண்ட் நூற்றுத் தொண்ணூறு ஓட்டு வித்தியாசத்தில் கரையேறியது அந்த அட்டைகளைப் பிடித்துக்கொண்டுதான். இந்த முறையும் அவன்தான் எதிரில் நின்றான்.

மார்லிஸ் அரசியல் ஆசையில் இறங்கியவள் அல்ல. இரண்டு வருடத்துக்கு முன் மேட்டு ரோட்டில் ஒரு வீட்டை ஷெல்பி க்ரூகருக்கும் அவள் கணவன் டெரெக்குக்கும் விற்றாள். சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்து, "குடிச்சுப் பாருங்க, இந்தக் கவுண்டியிலயே நல்ல தண்ணி" என்று சொன்னாள். அந்தத் தண்ணீர் வந்த வீட்டுக் கிணற்றைக் கடைசியாகச் சோதித்து எட்டு வருடம் ஆகியிருந்தது. சோதிக்கச் சொல்லிச் சட்டம் இல்லை, அவளும் சொல்லவில்லை. சுற்றிலும் சோளக் கொல்லை, மாட்டுப் பண்ணை. அடியில் சல்லடை போன்ற சுண்ணாம்புப் பாறை. உரமும் சாணியும் கரைந்து இறங்கி, கிணறு முழுக்க, கைக்குழந்தைக்கு விஷமான நைட்ரேட் ஏறியிருந்தது. ஷெல்பிக்கு நோரா பிறந்தாள். பால் பவுடரை அந்தத் தண்ணீரில்தான் கரைத்துக் கொடுத்தார்கள். இரண்டாம் மாதம் குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது.

ஷெல்பி ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் மார்லிஸ் ஒருவேளை தூங்கியிருப்பாள். வீடு கை மாறும்போது கிணற்றைச் சோதித்தே ஆக வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவருவேன் என்று அவளிடம் போய்ச் சொன்னாள். அன்றிலிருந்து ஷெல்பி குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, மார்லிஸுக்காகக் கதவு கதவாகத் தட்டினாள்.

செப்டம்பர் முதல் வாரத்தில், வங்கிக்கு மேலே இருந்த சங்க அறையில் நேர்காணல் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். ஐந்து பேரும் அவளோடு மீன் வறுவல் தின்றவர்கள், அவள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள். நடுவில் கோனி ஷ்ரோடர். முப்பது வருடச் சிநேகிதி, குழுவின் தலைவி. முன்கூட்டி அனுப்பிய கேள்வித்தாளில் ஏழாவது கேள்வி இது: வீடு விற்கும் நேரத்தில் கட்டாயச் சோதனை எதையும் புகுத்தும் சட்டத்தை எதிர்ப்பீர்களா? மார்லிஸ் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

கோனி தாளைப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றினாள். "பத்து நிமிஷம் காபி குடிச்சிட்டு வருவோம்" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, மார்லிஸின் முழங்கையைப் பிடித்து வண்டி நிறுத்தும் இடத்துக்கு அழைத்துப் போனாள்.

"ஏழாவது ஏன்டி காலியா கெடக்கு?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் கேக்கறேன். எல்லாத்துக்கும் 'ஆமாம்'னு எழுதிட்டு டேல் காலையிலயே போயிட்டான். உள்ள இருக்கறவங்க அவனுக்கு ஓட்டுப் போட்டாங்கன்னா நாளைக்கே தலைநகரத்துல இருக்கற சங்க ஆபீஸுக்குத் தகவல் போயிரும். அப்புறம் அஞ்சு அட்டையும் அவன் மூஞ்சியோட வரும். நீ தோத்துருவே. தோத்தவ சட்டம் போட முடியுமா?"

மார்லிஸ் மேலே சங்க அறையின் ஜன்னலைப் பார்த்தாள்.

"மொதல்ல சட்டசபைக்குள்ள போ. போனப்புறம் என்ன வேணாலும் பேசு. ஒரு தாளு, அவ்வளவுதான். நான் என்ன உன் கழுத்தையா கேட்டேன்?"

அந்தப் பத்து நிமிடத்தில் மார்லிஸ் தனக்குள் எத்தனையோ கணக்குப் போட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும், உள்ளே போகாமல் ஒன்றும் நடக்காது என்றுதான் வந்து நின்றது. மேலே போய், ஏழாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை சங்கம் ஆதரிப்பவர்களின் பட்டியல் வந்தது. அவள் பெயர் இருந்தது. பால் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற அவள் கணவன் வெர்ன், அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தான்.

"டேலுக்குக் குடுக்காம உனக்குக் குடுத்துட்டானுங்களே. என்னத்த வித்தே?"

"சும்மா இரு வெர்ன்."

"சும்மாதான் இருக்கேன். வீடு விக்கிறவ நீதானே, அதான் கேட்டேன்."

அக்டோபர் பிறந்ததும் முதல் அட்டை வந்தது. மார்லிஸ் சிரித்துக்கொண்டிருந்தாள்; பின்னால் வெள்ளை வேலி போட்ட ஒரு வீடு. கீழே பெரிய எழுத்தில்: 'வீட்டுக்காரர் தலையில் புதிய கட்டாயச் சோதனைகள் வேண்டாம். மார்லிஸ் ஏங்கன் வாக்குக் கொடுத்திருக்கிறார்.'

அன்று மாலை ஷெல்பி வந்தாள். குழந்தையைக் கொண்டுவரவில்லை. காலணியைக் கழற்றாமல் வாசல் மிதியடி மேலேயே நின்றாள்.

"இது எங்க பெட்டியில இருந்துச்சு."

"ஷெல்பி, உள்ள வா. நான் சொல்றத—"

"நீங்க எழுதிக் குடுத்தீங்களா, இல்ல அவங்களா போட்டுக்கிட்டாங்களா? அது மட்டும் சொல்லுங்க."

மார்லிஸுக்குப் பொய் சொல்லும் தைரியம்கூட வரவில்லை. "எழுதிக் குடுத்தேன். ஜெயிச்சு உள்ள போனப்புறம் மாத்திக்கலாம்னு நெனச்சேன்."

ஷெல்பி தலையை ஆட்டினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளை சொல்லும் சாக்கைக் கேட்பவள் போல ஆட்டினாள்.

"நூத்தி நாப்பது வீடு ஏறி எறங்கிருக்கேன். ஒவ்வொரு வீட்லயும் எம்புள்ளயக் காட்டிருக்கேன், இவ ஒதடு நீலமாச்சுன்னு. நேத்து நான் போன வீட்டுக்கெல்லாம் இன்னிக்கு இந்த அட்டை போயிருக்கும். என்னப் பத்தி என்ன நெனப்பாங்க?" பையிலிருந்த பிரசார நோட்டீசுகளை எடுத்து, வாசலோர நாற்காலி மேல் நேராக அடுக்கி வைத்தாள். "டெரெக் அப்பவே சொன்னாரு. வீட்ட வித்த மாதிரிதான் இதயும் விப்பாங்கன்னு."

அவள் போன பிறகு மார்லிஸ் கோனியைப் போனில் கூப்பிட்டாள். மிச்ச அட்டைகளை நிறுத்து என்றாள்.

"அதப் பத்தி என்கிட்ட பேசாத," என்றாள் கோனி. "அது சங்கம் தனியா பண்ற செலவு. வேட்பாளரு அதுல தலையிட்டா சட்டப்படி குத்தம். இப்ப நீ கேட்டதே தப்பு. நான் கேக்கல, நீ சொல்லல. சரியா?"

"என் மூஞ்சி, என் பேரு. அத நிறுத்த எனக்கு உரிமை இல்லையா?"

"இல்ல." கோனி போனை வைத்துவிட்டாள்.

அடுத்த அட்டை வரும் நாளில் மார்லிஸ் விடிந்ததும் தபாலாபீஸுக்குப் போய் நின்றாள். ஆர்லீன் கதவைத் திறந்தாள். தபாலாபீஸ் அவள் பொறுப்பில்தான். அவள் முதுகுக்குப் பின்னால் தட்டுத் தட்டாக அட்டை அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் மார்லிஸ் சிரித்தாள்.

"ஆர்லீன், மேட்டு ரோட்டுக்குப் போற கட்டு மட்டும் போதும். நாலு நாள் வச்சிரு."

"என்ன பேசறீங்க?"

"காணாமப் போச்சுன்னு சொல்லிடு. கால்ல வேணா விழறேன்."

ஆர்லீன் தட்டுகளை இன்னும் உள்ளே தள்ளி வைத்தாள். "முத்திரை விழுந்த தபாலு. எங்கம்மாவே கேட்டாலும் குடுக்க முடியாது. வீட்டுக்குப் போங்க. மொதல்ல மொகத்தக் கழுவுங்க, ஆளு பாக்கவே நல்லால்ல."

மார்லிஸ் வண்டியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தபால் வண்டி அவளைக் கடந்து மேட்டு ரோட்டுப் பக்கம் திரும்பியது. பின்னாலேயே கொஞ்ச தூரம் போனாள். முதல் பெட்டியில் அட்டை விழுவதைப் பார்த்தாள். தபால்காரர் போனதும் அதை எடுத்துவிடலாமா என்று கையை நீட்டினாள். ஜன்னலில் ஒரு கிழவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டு கையசைத்தார். அவளும் கையசைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

உள்ளூர் வாரப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். தேர்தல் நெருங்கிவிட்டதால் வேட்பாளர் கடிதம் போடுவதில்லை என்று பதில் வந்தது. மிச்சமிருந்தது லூத்தரன் தேவாலய விருந்து ஒன்றுதான். ஒவ்வொரு அக்டோபரிலும் அந்த அடித்தளத்து மண்டபத்தில் முந்நூறு பேர் நீண்ட மேசைகளில் உட்கார்ந்து மீனும் உருளைக்கிழங்கும் தின்பார்கள். வேட்பாளர்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம்.

டேல் வரிகளைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தான். மார்லிஸ் எழுந்தாள். கையில் தாள் இல்லை.

"உங்களுக்கெல்லாம் என் அட்டை வந்திருக்கும். அதுல இருக்கறது நான் எழுதிக் குடுத்ததுதான். ஆனா நான் அத நம்பல. ஆதரவு வேணும்னு எழுதினேன். மேட்டு ரோட்ல ஒரு வீட்ட நான் வித்தேன். கிணத்தச் சோதிக்காம, நல்ல தண்ணின்னு சொல்லி வித்தேன். அங்க ஒரு கொழந்தை சாகப் பாத்துச்சு. கட்டாயச் சோதனை வேணும். என்னால முடிஞ்சா அந்தச் சட்டத்தக் கொண்டுவருவேன்."

கடைசி மேசையிலிருந்து ஒரு பண்ணைக்காரர், கோபமே இல்லாமல், வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார்: "அப்ப எதும்மா பொய்? அன்னிக்கு எழுதினதா, இன்னிக்குச் சொல்றதா?"

"அன்னிக்கு எழுதினது."

"இதயும் ஓட்டுக்குத்தான சொல்றே?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மார்லிஸ் மேசையை விட்டு நகர்ந்தாள். வெர்ன் எழுந்து வந்து அவள் கோட்டை எடுத்துக் கொடுத்தான். வண்டியில் ஏறியதும், "மீனு சரியா வேகல" என்றான். அவள் அழத் தொடங்கினாள்.

மறுநாளே சங்கம் ஆதரவைத் திரும்பப் பெற்றது. கடைசி இரண்டு அட்டையும் டேலின் முகத்தோடு வந்தன. முந்நூற்று அறுபத்தோரு ஓட்டில் தோற்றாள். நைட்ரேட் ஏறிய மேட்டு ரோட்டு வாக்குச்சாவடியிலேயே அவளுக்குப் பாதிகூட விழவில்லை. தங்கள் கிணறு கெட்டது என்று சொல்லும் ஒருத்தியை அங்கே யாருக்கும் பிடிக்கவில்லை. சொன்னால் வீட்டு விலை விழும்.

தேர்தல் முடிந்த பத்தாம் நாள் ஷெல்பி போன் செய்தாள்.

"வீட்ட விக்கணும். வேற முகவருங்க யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. நீங்க எடுப்பீங்களா?"

"எடுக்கறேன்."

"ஒண்ணு கேக்கறேன். வீட்டுக் குறையெல்லாம் எழுதற படிவத்துல, தண்ணி கெட்டதுன்னு எழுதித்தான் ஆகணுமா?"

"தெரிஞ்சா எழுதணும், ஷெல்பி."

"எங்களுக்கு வித்தவங்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நாங்க சோதிச்சதால எங்களுக்குத் தெரியும். அப்ப தெரிஞ்சுக்கிட்டவந்தான் மாட்டிக்கணும், இல்லையா?" குரல் உயரவே இல்லை. "சரி. எழுதுங்க."

நவம்பர் கடைசி ஞாயிறு, ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை வீடு பார்க்க வரலாம் என்று பலகை வைத்து, மார்லிஸ் காத்திருந்தாள். ஷெல்பியும் டெரெக்கும் குழந்தையோடு வெளியே போயிருந்தார்கள். சோதனை முடிவை முதல் தாளாகவே மேசைமேல் வைத்திருந்தாள். இரண்டேகாலுக்கு ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் ஏழு மாதக் கர்ப்பிணி. சமையலறை பிடித்திருந்தது, பின்பக்க அறை பிடித்திருந்தது. பிறகு கணவன் அந்தத் தாளைப் படித்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நேரா சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க," என்றாள் அந்தப் பெண். "நாங்க எதிர் வீட்டப் பாத்துக்கறோம். அதுவும் இன்னிக்குத் தொறந்திருக்காம்."

ரோட்டுக்கு எதிர்ப் புறம் கோனியின் கம்பெனிப் பலகை நின்றது. அந்த வீட்டுப் படிவம் எப்படி இருக்கும் என்று மார்லிஸுக்குப் பார்க்காமலே தெரியும். தண்ணீர் என்ற இடத்தில் 'தெரியாது' என்று குறி போட்டிருக்கும். சட்டப்படி அது சரி. இன்னொரு முகவர் விற்கும் வீட்டைப் பற்றி வாய் திறப்பது சங்க நெறிக்கு விரோதம். அந்த நெறியைப் பற்றி இரண்டு வருடம் வகுப்பெடுத்தவள் அவள்தான்.

தம்பதி ரோட்டைக் கடந்தார்கள். அவள் ஜன்னலில் நின்றாள். அந்தப் பெண் எதிர் வீட்டுப் படியில் ஒரு கையை இடுப்பில் ஊன்றி ஏறினாள். கோனி கதவைத் திறந்து, வாய் நிறையச் சிரித்து, உள்ளே வரச் சொன்னாள்.

மார்லிஸ் காலுறையோடு வெளியே ஓடினாள். கோட்டு இல்லை. ரோட்டில் பனிக்கட்டி படிந்திருந்தது. ஒரு தடவை சறுக்கி முழங்காலில் விழுந்து எழுந்தாள்.

"இங்கயும் அதே தண்ணிதான்," என்று படிக்குக் கீழே நின்று சொன்னாள். மூச்சு வாங்கியது. "அதே பாறை, அதே கொல்லை. இந்தக் கிணத்த யாரும் சோதிக்கல. சோதிக்காம வாங்காதீங்க. புள்ளைக்குக் குடுத்துராதீங்க."

கோனியின் சிரிப்பு அப்படியே உறைந்தது. "மார்லிஸ், உள்ள போ."

"சோதிச்சிருக்கியா, கோனி? இவங்க கிட்டச் சொல்லு."

"உன் லைசென்ஸ் போயிரும்டி. நானே புகார் எழுதிக் குடுப்பேன், வேற வழியில்ல எனக்கு."

"தெரியும்."

தம்பதிக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பயமாக இருந்தது. அந்தக் கணவன் மனைவியின் தோளைப் பிடித்துப் படியிறக்கி, காருக்கு அழைத்துப் போனான். கார் கிளம்பி, சோளக் கட்டைகள் நிற்கும் கொல்லையைத் தாண்டிப் போய் மறைந்தது. கோனி கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்லிஸ் திரும்பி வந்து, நனைந்த காலுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். முழங்காலில் ரத்தம் கசிந்திருந்தது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. நாலு மணிக்கு க்ரூகர் குடும்பம் வந்தது. நோரா டெரெக்கின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"யாராவது வந்தாங்களா?" என்று ஷெல்பி கேட்டாள்.

"ஒரு ஜோடி வந்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"சமையலறை நல்லாருக்குன்னாங்க."

காரின் பின்பக்கம் கடையில் வாங்கிய தண்ணீர்க் கேன்கள் எட்டு இருந்தன. மார்லிஸ் வெறுங்காலைக் காலணிக்குள் நுழைத்துக்கொண்டு போய் இரண்டைத் தூக்கினாள். ஷெல்பி தடுக்கவில்லை, கதவை முழங்கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவளுக்கு வழி விட்டாள்.