பிரேலோ வீட்டுக் கதவு

"கதவைத் திறந்து வந்தாலும் வெளியிலதானே நிக்கிறோம்? அப்புறம் எதுக்குக் கதவு?"

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஏழு வயது வெர்னிட்டா கேட்ட கேள்வி இது. சார்ல்ஸ்டன் நகரத்துப் பழைய வீடுகளில் தெருக்கதவைத் திறந்தால் வீடு வராது. பக்கவாட்டில் ஓடும் நீண்ட தாழ்வாரம்தான் வரும். அப்பா அம்மாவோடு விடுமுறைக்கு வந்தவள், சந்தைக் கூட்டத்தில் கைநழுவி, கடல்நீர் ஏறிய தெருவில் அழுதுகொண்டே நடந்து, திறந்திருந்த ஒரு கதவுக்குள் நுழைந்துவிட்டாள். உள்ளே வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் எஸ்ரா பிரேலோ.

"திறந்திருந்தா வரலாம்னு அர்த்தம் கண்ணு. சாத்தியிருந்தா இன்னொரு நாள் வான்னு அர்த்தம்" என்றார் அவர்.

அவளுக்குத் துண்டு கொடுத்தார். தக்காளிச் சோறு கொடுத்தார். சேறு அப்பிய அவளுடைய சின்ன ஷூக்களைக் கழுவி, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, அடுப்படியில் காயவைத்தார். விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த அப்பாவோ பயத்தில் நிதானம் இழந்திருந்தார். "என் பொண்ண எதுக்குய்யா உள்ள வச்சிருக்க?" என்று கத்தி, அவளை வாரித் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. அப்பா அதை நினைத்து நினைத்து வெட்கப்பட்டே போன வருஷம் கண்ணை மூடினார்.

அந்த நன்றியைச் சொல்லத்தான் வெர்னிட்டா இப்போது செப்டம்பரின் மூன்று நாள் விடுமுறைக்கு அதே தெருவில், அதே வீட்டுக்கு எதிரே அறை எடுத்திருந்தாள். வெள்ளி மாலை வந்து இறங்கியபோது எதிர்க்கதவு அகலத் திறந்திருந்தது. தாழ்வாரத்தில் ஒரு கிழவர் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.

"அவரேதான்! போய்ப் பாத்துட்டு வரலாமா?"

"நாலு மணி நேரம் வண்டி ஓட்டியிருக்கேன் தாயே" என்றான் கணவன் ஆல்டன். "முப்பத்தாறு வருஷம் பொறுத்தவ ஒரு ராத்திரி பொறுக்க மாட்டியா?"

அன்றிரவு பெரிய காற்று அடித்தது. கடலில் எங்கோ ஒரு புயல் கரையைத் தொடாமல் போய்க்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை எதிர்க்கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ரேடியோவில் ஆராதனைப் பாட்டு கேட்டது.

பக்கத்து வீட்டு மிஸ் யூலா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். "சாத்தியிருந்தா நாங்க தட்ட மாட்டோம்மா. சம்சாரம் போனதுலேர்ந்து சில நாள் அப்படித்தான் இருப்பாரு. ரேடியோ பாடுது பாரு, நல்லாத்தான் இருக்காரு. நாளைக்கு வா."

வெர்னிட்டா தட்டுவதற்கென்று தூக்கிய கையை இறக்கிக்கொண்டாள்.

அன்று ஊர் அழகாகத்தான் இருந்தது. ஆனால் எதுவும் அவளுக்கு ருசிக்கவில்லை. வானம் பளிச்சென்று இருக்கும்போதே சாக்கடை மூடிகளின் துளை வழியாக உப்புத்தண்ணீர் மெல்லக் கொப்பளித்தது. கறுப்புச் சேற்றின் அழுகிய முட்டை வாடை தெருத்தெருவாக வந்தது. நடைபாதையில் ஒரு நண்டு ஒற்றைக் கொடுக்கைத் தூக்கியபடி ஊர்ந்து போனது. குதிரை வண்டிக்காரர்கள் மத்தியானமே லாயத்துக்குத் திரும்பிவிட்டார்கள். அறை கொடுத்தவரிடமிருந்து செய்தி வந்தது: ஞாயிறு காலை தண்ணீர் அதிகம் ஏறும், வண்டியை மேட்டுத் தெருவில் நிறுத்துங்கள்.

திரும்பி வந்தபோதும் கதவு சாத்தியே இருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. படுக்கப் போகும்போதும் பாடியது. விடியலில் அவள் ஜன்னலைத் திறந்தபோது அதே ரேடியோ வெள்ள எச்சரிக்கை வாசித்துக்கொண்டிருந்தது.

"ஆல்டன், ராத்திரி பூரா ரேடியோ போட்டுட்டு யாராவது தூங்குவாங்களா?"

"எங்க மாமா தூங்குவாரு. நிறுத்தினாத்தான் முழிச்சுக்குவாரு." அவன் சட்டையை மாட்டினான். "இத பாரு, முன்னப்பின்ன தெரியாத வீட்டுக் கதவைத் தள்ளிட்டுப் போனா, அந்தப் பக்கம் துப்பாக்கியோட நிப்பாங்க. உங்கப்பா கத்தினதுக்கு அவரு இன்னும் கோவமா வேற இருக்கலாம். லீவுக்கு வந்தமா, வேவு பாக்க வந்தமா?"

இருவரும் அந்தத் தெருக்காரர்கள் போகும் தேவாலயத்துக்குப் போனார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு. எல்லாரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். நோயில் கிடப்பவர்கள், வீட்டைவிட்டு வர முடியாதவர்கள் பெயர்களைப் போதகர் வாசித்தார். பிரேலோவின் பெயர் அதில் இல்லை. ஆனால் மிஸ் யூலா முன்வரிசையின் ஓரத்து இடத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அந்த இடம் காலியாக இருந்தது.

நற்கருணைக்கான அப்பமும் திராட்சை ரசமும் கொண்டுவந்து வைத்தபோது வெர்னிட்டா பின்னாலிருந்து குனிந்து கேட்டாள். "அது யாரு இடம்?"

"பிரேலோவோடது" என்றாள் கிழவி. "நான் பாத்து அம்பது வருஷம். சம்சாரத்தைப் புதைச்ச மறுநாள் கூட நற்கருணைக்கு வந்த மனுஷன். முதல் ஞாயிறை அவர் விட்டதே இல்லம்மா. அவரு..."

வெர்னிட்டா அதற்குமேல் கேட்கவில்லை. பாடல் பாதியில் எழுந்து வெளியே நடந்தாள். சாத்திய கதவுக்குக் காட்டுகிற மரியாதை இத்தனை நேரம் தன்னைக் கட்டிப்போட்டதை நினைத்துக்கொண்டே கால்களை எட்டிப் போட்டாள்.

மூலையில் தண்ணீர் கணுக்காலுக்கு இருந்தது, தெருவுக்குள் முழங்காலுக்கு. ஊரே நின்றுபோன மாதிரி அமைதி. குப்பைத்தொட்டி ஒன்று தானாக மிதந்து போனது. ரேடியோ இப்போது கேட்கவில்லை.

அவள் கதவைத் தட்டினாள். "மிஸ்டர் பிரேலோ! ஐயா!" பதில் இல்லை. பூட்டில்லாத கதவுதான், ஈரத்தில் உப்பி நிலையோடு இறுகியிருந்தது. "ஆண்டவரே, தாமதமாக்கிட்டேன், மன்னிச்சிரும்" என்று வாய்விட்டுச் சொல்லித் தோளைக் கொடுத்து மோதினாள். மூன்றாவது மோதலில் திறந்தது.

கதவுக்கு நாலடி தள்ளி அவர் மல்லாந்து கிடந்தார். பலகைத் தரையில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஏறி, நரைத்த தலையைச் சுற்றித் தளும்பிக்கொண்டிருந்தது. ஆவிகள் அண்டாதிருக்க வெளிர்நீலம் பூசிய கூரையை நோக்கி அவர் கண்கள் திறந்திருந்தன. அவை அசையவில்லை.

அவள் மண்டியிட்டுத் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். தோல் சேற்றைப் போலக் குளிர்ந்திருந்தது. நெஞ்சு ஏறுகிறதா என்று பார்த்தாள். வெகுநேரம் கழித்து ஏறியது.

"காத்து சாத்திருச்சு..." குரல் காய்ந்த சருகாக வந்தது. "திறக்கத்தான் வந்தேன். நேத்துக் காலைல. வழுக்கிருச்சு."

"பேசாதீங்க ஐயா." சமையலறையிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து உதட்டை நனைத்தாள்.

பின்னாலேயே தண்ணீரில் ஓடிவந்த ஆல்டன் வாசலில் அப்படியே நின்றுவிட்டான். பிறகு போனை எடுத்தான். உயரமான சக்கரம் வைத்த தீயணைப்பு வண்டி வந்துசேர அரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவரை இருவரும் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

வண்டியில் ஏற்றும்போது அவர் அவள் முகத்தைத் தேடினார். "நீ யாரு வீட்டுப் பொண்ணு கண்ணு?"

முப்பத்தாறு வருஷமாகச் சேர்த்துவைத்த வாக்கியங்கள் எல்லாம் நெஞ்சில் முட்டின. வலியில் இருப்பவர்மேல் தன் பாரத்தையும் ஏற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

"எதிர்ல லீவுக்கு வந்திருக்கோம் ஐயா" என்றாள்.

திங்கட்கிழமை காலை மிஸ் யூலா ஆஸ்பத்திரியிலிருந்து சேதி கொண்டுவந்தாள். இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது, நுரையீரலில் நீர். "டாக்டர் எதுவும் உறுதியாச் சொல்லலம்மா. கேட்டா வேற பேச்சு பேசறாரு." அவள் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். ஆல்டன் மேட்டுத் தெருவில் விட்ட வண்டியை எடுக்கப் போனான். தெருவில் ஒருவரும் இல்லை. சாக்கடை மூடிகள் மறுபடி குமிழ்விட ஆரம்பித்திருந்தன.

வெர்னிட்டா எதிர்ப்பக்கம் போனாள். கதவு இப்போது திறந்து கிடந்தது. தாழ்வாரத்துச் சேற்றைத் துடைப்பத்தால் படிவரை தள்ளினாள். மூலையில் பிரேலோவின் பழுப்பு ஷூக்கள் கிடந்தன. நற்கருணைக்காக முன்கூட்டியே மெருகு போட்டு வைத்தவை போலும். உப்புத்தண்ணீர் உள்ளே தேங்கி நின்றது.

குழாயடியில் உட்கார்ந்து அவற்றை நல்ல தண்ணீரில் மும்முறை கழுவினாள். கயிறுகளை அவிழ்த்துத் தனியே அலசினாள். அவர் திரும்பி வருவாரா என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும். வந்தால் ஷூ வேண்டும்.

பையிலிருந்த செய்தித்தாளை எடுத்து ஒவ்வொரு தாளாகச் சுருட்டி, நுனி வரை எட்டும்படி திணித்தாள். தண்ணீர் எட்டாத உயரமான ஜன்னல் விளிம்பில், வெயில் விழும் பக்கமாக, ஜோடியாக வைத்தாள்.