கொக்கி ஸ்டிக்கர்

மருமகன் வீடு தேடி வந்துவிட்டான் என்றதும் சோலையம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. எப்படிப் புரியும்? மகள் பாண்டிச்செல்வி தூத்துக்குடி இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போன இடத்தில் வேம்பாற்றுக் கடற்கரைப் பையன் கிளாட்வினை விரும்பி, மாதா கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, அதற்கப்புறம்தான் போன் போட்டுச் சொன்னாள். அன்றைக்கு அவள் அப்பன் முனியசாமி குதித்த குதி ஆமத்தூருக்கே தெரியும். கடல்காரன் தன் வாசலை மிதிக்கக் கூடாது என்று பட்டாசு ஆலைக்குப் போகிற வேனில் ஏறி நின்றுகொண்டு சத்தம் போட்டார் மனுஷன். பேத்தி பிறந்ததும் பார்த்துவரப் போனவர், மூன்று நாள் தங்கி, மீன் குழம்பைக் குடி குடியென்று குடித்துவிட்டு, மாப்பிள்ளை தங்கமான பையன் என்று சொல்லிக்கொண்டு திரும்பினார். இவ்வளவுதான் அவருடைய கோபம்.

அந்தத் தங்கமான பையன் காலை ஒன்பது மணிக்கு ஒரு பை நெத்திலிக் கருவாட்டோடு வந்து நின்றான். மாதாமாதம் கரண்டை நிறுத்தி லயன் வேலை பார்க்கும் நாள் அது. கம்பெனி லீவு என்பதால் சோலையம்மாள் வீட்டில் இருந்தாள்.

“வாங்க மாப்ள, வாங்க. இம்புட்டு தூரம் வெயில்ல வந்திருக்கீக. மோர் குடிக்கீகளா?”

“இருக்கட்டும் அத்தை. உங்களைக் கூட்டிட்டு விருதுநகருக்குப் போகணும்னுதான் வந்தேன். வள்ளத்துக்கு ஒரு பேட்டரி வாங்கணும்.”

விஷயம் இதுதான். டீசல் விலை கட்டுபடியாகாமல் இஞ்சினை இறக்கி வைத்துவிட்டு, வள்ளத்துக்குப் பாய் கட்டியிருந்தான் கிளாட்வின். இஞ்சின் வள்ளம் என்றால் ஓட ஓடப் பேட்டரியில் சார்ஜ் ஏறும். பாய் வள்ளத்தில் அதற்கு வழியில்லை. கரையில் ஏற்றிக்கொண்டு போகிற சார்ஜ்தான் விடியும்வரை. வழி காட்டுகிற ஜி.பி.எஸ்., ஆபத்துக்குக் கூப்பிட வயர்லெஸ், பெரிய கப்பல்காரன் தெரியாமல் ஏற்றிவிடாதபடி பாய்மரத்து உச்சியில் ஒரு விளக்கு, மூன்றும் அந்த ஒரு பெட்டியை நம்பித்தான். இருந்த பேட்டரி முந்தாநாள் படுத்துவிட்டது. இரண்டு நாளாக அவன் கடலுக்குப் போகவில்லை.

“நீங்க பேட்டரி கம்பெனியில இருக்கீங்க. உங்களுக்குத் தெரியாததா? எங்கம்மாகூடச் சொல்லுச்சு, சம்பந்தியம்மா பாத்துக் குடுத்தா கண்ணை மூடிட்டு வாங்கலாம்னு.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் சோலையம்மாளுக்கு ஓர் அடி உயரம் கூடிவிட்டது. பட்டாசுக்காரி மகள் என்று முகத்தைச் சுளித்த சம்பந்தியம்மாவா இப்படிச் சொன்னாள்! அம்மாவுக்குப் பேட்டரி கம்பெனியில் வேலை என்று பாண்டிச்செல்வி அங்கே பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். அது எப்பேர்ப்பட்ட கம்பெனி என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் மானம் போகும்.

ஊருக்கு வெளியே பெயர்ப் பலகை இல்லாத ஒரு தகரக் கொட்டகை, அதுதான் கம்பெனி. லாரியிலும் காரிலும் உழைத்து ஓய்ந்த பேட்டரிகள் லோடு லோடாக வந்து இறங்கும். அதில் கொஞ்சம் உயிர் மிச்சமிருப்பதைப் பொறுக்கி எடுத்து, சோடா உப்புப் போட்டுக் கழுவி, புது ஆசிட் ஊற்றி, மேலே கறுப்பு பெயின்ட் அடித்து, பழைய நம்பரைச் சுரண்டிவிடுவார்கள். சுரண்டின தழும்பு தெரியாமல் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் சோலையம்மாளின் வேலை. காற்றுக்குமிழ் நிற்காமல் ஒரு பழைய சீப்பால் இழுத்து இழுத்து ஒட்டுவாள். அவள் ஒட்டினால் ஓரம் எழும்பாது என்று முதலாளியே சொல்லியிருக்கிறார்.

பழசைப் புதுசென்று விற்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். ஆட்டோக்காரன் வாங்குவான், நடுரோட்டில் நின்றுபோனால் நாலு பேர் சேர்ந்து தள்ளுவார்கள், ஒரு நாள் வருமானம் போகும், அவ்வளவுதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தாள். முன்பு பட்டாசு ஆலையில் வெடிமருந்துக் கையோடு நின்றவளுக்கு இந்த வேலை சொர்க்கம். அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

நேரே உங்கள் கம்பெனிக்கே போகலாம் என்று மாப்பிள்ளை சொல்லிவிடுவானோ என்று முதலில் அவளுக்குப் பதறியது. இன்றைக்கு லீவு என்றதும் அவன் விட்டுவிட்டான். நல்ல பெயர் போட்ட பேட்டரியாகப் பார்த்து வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

விருதுநகரில் லட்சுமிகாந்தம் என்பவரின் கடை. சுவர் நெடுக அடுக்கி வைத்திருந்தார். கிளாட்வின் விவரமான ஆள்தான். இன்வெர்ட்டருக்கு வைக்கும் உயரப் பேட்டரியைக் காட்டியபோது, வள்ளம் சாய்ந்தால் ஆசிட் சிந்தும், வேண்டாம் என்றான். கார் பேட்டரியைக் காட்டியபோதும் தலையை ஆட்டினான்.

“அது வண்டியைக் கிளப்புறதுக்குள்ளது அண்ணாச்சி. ஒரே மூச்சுல அம்புட்டையும் குடுக்கும். ராத்திரி பூரா விளக்கு எரிச்சா ரெண்டே மாசத்துல செத்துப்போகும். எனக்கு நின்னு நிதானமா குடுக்கிறது வேணும்.”

“அடேயப்பா, தம்பி எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்கு! அப்போ உங்களுக்கு நூறு ஆம்பியர் சோலார் பேட்டரிதான் சரி. பதினோராயிரம் ஆகும்.”

கிளாட்வினின் முகம் விழுந்துவிட்டது. அவன் கையில் இருந்தது ஆறாயிரம். அதைக் கடைக்காரர் கண்டுகொண்டார். அந்தக் கண் அவர்களுக்கெல்லாம் எப்படித்தான் வாய்க்கிறதோ! உள்ளே போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார்.

“நாலாயிரத்து ஐநூறு. இதுவும் நூறு ஆம்பியர். கடலுக்குன்னே செஞ்சது. நங்கூரம் போட்டிருக்கு பாருங்க.”

சோலையம்மாள் பார்த்தாள். கறுப்புப் பெட்டியில் நீல ஸ்டிக்கர். வெள்ளையில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து. அதற்குப் பக்கத்தில் வெள்ளைக் கொக்கி.

கொக்கி! கொட்டகையில் எல்லோரும் அதைக் கொக்கி என்றுதான் சொல்வார்கள். கொக்கி ஸ்டிக்கர் எத்தனை கட்டு வந்திருக்கு, கொக்கி ஸ்டிக்கர் தீந்துபோச்சா என்று நாள் முழுக்க அதே பேச்சு. ஸ்டிக்கர் சிவகாசியில் அச்சாகி வருகிறது. கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவி எடுக்கிற பாதாளக் கொலுசு போல இருந்ததால் கொக்கி என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். கரிசல் காட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் நங்கூரத்தை எங்கே கண்டார்கள்? சினிமாவில் பார்த்திருந்தாலும் மனத்தில் நின்றிருக்காது. அவளுக்கு இங்கிலீஷும் தெரியாது. இரண்டு வருஷமாக அவள் அந்தப் பேட்டரிகளைக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

“இதேதான் அத்தை!” கிளாட்வினுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “எங்க ஊர்ல நாலு வள்ளத்துல இதுதான் கிடக்கு. பனிமயம் அண்ணன் போன வாரம்தான் தூத்துக்குடியில வாங்குனாரு. இதுலயே ஒண்ணைப் போட்டுக்குவோம்.”

அவள் குனிந்து பார்த்தாள். ஸ்டிக்கரின் குறுக்கே மெல்லிய கோடுகள் ஓடின. சீப்புப் பல் இழுத்த கோடுகள். வேறு யார் கை அது? இது நான் ஒட்டியது என்று சொன்னால், இன்று காலைதான் கிடைத்த மரியாதை இந்தக் கடை வாசலிலேயே போய்விடும். பாண்டிச்செல்வி அந்த வீட்டில் எந்த முகத்தோடு நிற்பாள்? சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை இதை நம்பிக் கடலுக்குப் போகும்.

“இது வேண்டாம் மாப்ள.”

“ஏன் அத்தை?”

“கனம் பத்தாது. தூக்கிப் பாருங்க. அந்தானைக்கு அந்த சோலார் பேட்டரியையும் தூக்கிப் பாருங்க.”

அவன் இரண்டையும் தூக்கிப் பார்த்தான். ஒன்று தோளை இழுத்தது. மற்றது பாதிக் கனம்கூட இல்லை. “ரெண்டுலயும் நூறு ஆம்பியர்னுல்ல போட்டிருக்கு?” என்று கடைக்காரரைப் பார்த்தான்.

“புது டெக்னாலஜி தம்பி, கனம் குறையத்தான் செய்யும்.”

“அப்ப பில் போட்டு, வாரண்டி கார்டுல கடை முத்திரை வச்சு, தேதி எழுதிக் குடுங்க அண்ணாச்சி,” என்றாள் சோலையம்மாள்.

லட்சுமிகாந்தம் முகத்தில் ஈயாடவில்லை. “அதுக்குக் கார்டெல்லாம் கிடையாதும்மா. ஆறு மாசத்துக்கு நான் பொறுப்பு, சொல்லிட்டேன்ல?” என்று இழுத்தார். அந்த இழுப்பிலேயே கிளாட்வினுக்குப் பாதி விளங்கிவிட்டது. கடைசியில் சீல் வைத்த பேட்டரி ஒன்றை எடுத்தார்கள். நாற்பத்திரண்டு ஆம்பியர்தான், ஐயாயிரத்து எண்ணூறு. சாய்ந்தாலும் ஆசிட் சிந்தாது. வயர்லெஸ்ஸைத் தேவைக்கு மட்டும் போட்டு, விளக்கைச் சின்ன எல்.இ.டி.யாக மாற்றிவிட்டால் விடியும்வரை தாங்கும். வாரண்டி கார்டில் முத்திரை விழுவதை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

அதோடு முடிந்தது என்றுதான் அவளும் நினைத்தாள். பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் பேட்டரியை இறக்கி வைத்துவிட்டு அவன் சிரித்தான். “கை வச்சதுமே கண்டுபிடிச்சிட்டீங்களே அத்தை! ஊர்ல போய் எல்லார்ட்டயும் சொல்லப்போறேன்.”

அந்தப் புகழ்ச்சி அவளைச் சுட்டது. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்தாள். “அதெல்லாம் பளசு மாப்ள. களுவி, பெயின்ட் அடிச்சு விக்கிறது. கம்பெனியில பேசிக்குவாக.”

அவன் சிரிப்பு நின்றது. “பழசா? எல்லாமேவா?”

“கொக்கி, அதான் அந்த நங்கூரம் போட்டதெல்லாம்.”

“அப்ப பனிமயம் அண்ணன்கிட்ட கிடக்கிறது?”

இத்தனை நேரமும் அந்த நாலு வள்ளத்தை அவள் நினைக்கவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நினைத்தாள். தன் வீட்டுப் பிள்ளை தப்பித்தால் போதும் என்று அந்த நினைப்பை அமுக்கி வைத்திருந்தாள்.

கிளாட்வின் அதற்குள் போனை எடுத்துவிட்டான். மணி இரண்டரை. மூன்று மணிக்கு வள்ளம் இறக்கிவிடுவார்கள். பனிமயத்தின் பெண்டாட்டி ஜெசிந்தா எடுத்தாள். அவன் ஸ்பீக்கரில் போட்டுப் பதறிப் பதறிச் சொன்னான்.

“போ தம்பி, போன வாரம் வாங்குனது, ஜம்முனு எரியுது. கடலுக்குன்னே போட்டிருக்கே. உனக்கு வேற கடைக்காரன் சொல்லிருப்பான், அவன் சரக்கை விக்கிறதுக்கு. வலை ஏத்தியாச்சு. இப்பப் போயி நில்லுங்கன்னா அவரு என்னைத்தான் ஏசுவாரு.”

“எங்க அத்தை சொல்லுதாங்க அக்கா. பேட்டரி கம்பெனியில வேலை பாக்காங்க. பேசுங்க அத்தை.” போனை அவள் கையில் திணித்தான்.

“அம்மா, அது நல்லதில்ல. போக விடாதீக,” என்றாள் சோலையம்மாள்.

“நல்லதில்லைன்னா எப்படிச் சொல்லுதீங்க? இந்தப் பேட்டரியை நீங்க பாத்தீங்களா? எங்க வீட்டுக்காரரு வாங்குனது தூத்துக்குடிக் கடையில.”

“பாக்காம என்னம்மா…”

“சும்மா யாரோ சொல்லுதாங்கன்னு ஒரு நாள் தொழிலைக் கெடுக்க முடியுமா? வைக்கேன், அவரு கூப்பிடுதாரு.”

“வைக்காத தாயி!” சோலையம்மாள் கத்தியே விட்டாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அதுல கொக்கி ஒட்டுனதே நாந்தான். இந்தக் கையாலதான் ஒட்டுனேன். ஸ்டிக்கரை உரிச்சுப் பாரு. பளைய நம்பரைச் சுரண்டுன தளும்பு இருக்கும். செத்த பேட்டரிம்மா அது. இன்னைக்கு எரியும், நாளைக்கு நடுக்கடல்ல நின்னுபோகும். உன் புருசனைப் போக விடாத!”

அந்தப் பக்கம் போன் எங்கேயோ மோதும் சத்தம் கேட்டது. “ஏங்க! ஏங்க, இறங்குங்க!” என்ற கூப்பாடு தூரத் தூரப் போனது. அலைச் சத்தமும் ஆட்கள் சத்தமும் கலந்து ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

கிளாட்வின் அவளைப் பார்த்த பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“கடலுக்குன்னு சத்தியமாத் தெரியாது மாப்ள. இருக்கன்குடி ஆத்தா மேல ஆணை. கொக்கின்னுதான் நெனச்சேன். ஆட்டோவுக்குப் போகுதுன்னு நெனச்சேன்.”

“பழசுன்னு தெரியும்ல?”

பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. “தெரியும்,” என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் போக வேண்டிய அருப்புக்கோட்டை பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போனது. அவன் ஏறவில்லை. போனில் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து ஒன்றை அழுத்தினான். காதில் வைக்காமல் அவளிடம் நீட்டினான்.

“ஜெனிஸ்டன். அவனும் மூணு மணிக்குத்தான் இறக்குவான். நான் சொன்னா நம்ப மாட்டான். நீங்களே சொல்லுங்க. அவனுக்கு அப்புறம் இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க.”

சோலையம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். மூன்றாவது முறை மணி அடித்ததும் யாரோ ஓர் ஆண்பிள்ளை எடுத்து யாரென்று கேட்டான்.

“அய்யா, நான் ஆமத்தூர்ல இருந்து பேசுறேன்,” என்றாள். “உங்க பேட்டரியில கொக்கி ஒட்டுனது நாந்தான்.”