சீசரின் சாதிக் காகிதம்

ஆற்றுக்கு அக்கரை ஊரான தன்லியினில் நாய்ப்பண்ணை வைத்திருக்கும் ஜேம்ஸ் அண்ணன் நாயை விற்பார். நாயின் சாதிக் காகிதத்தை மட்டும் கண்ணில் காட்டமாட்டார். அப்பன் பெயர், ஆத்தாள் பெயர், பாட்டன் ஜெர்மனியில் வாங்கிய பதக்கம் எல்லாம் அதில் இருக்கிறதாம். எங்கள் வீட்டில் மனிதர்களுக்கே பாட்டனுக்கு மேல் பெயர் தெரியாது.

நாங்கள் வாங்கியபோது சீசர் காது தொங்கும் அல்சேஷன் குட்டி. அந்தக் காதைக் காட்டித்தான் அண்ணன் ஆரம்பித்தார்.

"இது வீட்டு வளர்ப்புக்குத்தான், மா ரெபேக்கா. கண்காட்சிக்கு ஆகாது. காயிதம் எங்கிட்டயே இருக்கட்டும். நல்லா பாத்துக்கிறீங்களான்னு தெரிஞ்ச பொறவு தரேன்."

என் வீட்டுக்காரர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். கப்பல் கம்பெனி குமாஸ்தா. யார் எதைச் சொன்னாலும் ஆட்டிப் பழகிய தலை.

நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறோமா என்று பார்க்க, மாதம் ஒரு ஞாயிறு கோயில் முடிந்த கையோடு அண்ணன் க்யிம்யிண்டைங்கில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். சீசரின் பல்லைப் பார்ப்பார், நெஞ்சை நாடாவால் அளப்பார், அப்புறம் சாப்பிட உட்காருவார். ஆட்டுக்கறியில் எலும்பு நாய்க்கு, மீதியெல்லாம் அவருக்கு.

ஆறாம் மாதம் சீசரின் காது இரண்டும் விறைத்து நின்றன. நெஞ்சு அகன்றது. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அண்ணன் வாராவாரம் வர ஆரம்பித்தார். வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை. எனக்கு அந்தக் காகித நினைப்பு.

பபேடான் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சுப்பிரமணியமும் அண்ணனிடம் குட்டி வாங்கியவர்தான். ஒருநாள் கடையில் வைத்துச் சொன்னார்: "ஒரு வருசம் சோறு போட்டேன் தங்கச்சி. சிங்கம் மாதிரி வந்துச்சு. அண்ணன் வந்து, காயிதம் என் பேர்ல இருக்கு, நாயும் என்னுதுதான்னு சொல்லி, குட்டி வாங்குன காச வீசிட்டு ஓட்டிட்டுப் போயிட்டார். இப்ப ஒரு மாணிக்கக்கல் வியாபாரி பங்களால நிக்குது. நான் போனா வால ஆட்டுது. காவக்காரன் என்னயத் தொரத்துறான்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சூட்சுமம் அப்போதுதான் விளங்கியது. சோப்ளாங்கியாகப் போன குட்டி நமக்கு, சிங்கமாக வந்தது அவருக்கு. சோறு போடுவது எப்போதும் நாம்தான்.

அடுத்த ஞாயிறு அவர் கறியில் கைவைத்த நேரம் பார்த்துக் காகிதத்தைக் கேட்டேன்.

"தாராளமா தரேனே. ஆனா வளர்ப்பு நாய்னா காயடிக்கணும்மா, அதான் உலகம் பூரா சட்டம். டாக்டர் சீட்டக் காட்டுங்க, அன்னைக்கே காயிதம்" என்று வீட்டுக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

வீட்டுக்காரர் எழுந்து நின்று லொங்யிக் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "அந்தப் பாவம் நமக்கெதுக்கு?" என்றார். இந்த ஊரில் எந்த ஆம்பிளையும் இதற்குச் சம்மதிக்கமாட்டான் என்று அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். பொம்பளையை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மறுநாள் வீட்டுக்காரர் ஆபீஸுக்குப் போனதும் சீசரை டாக்சியில் ஏற்றி மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். மயக்கத்தில் அவன் நாக்கு தொங்கியதைப் பார்த்து அழுதேன், பொய் சொல்வானேன். சாயங்காலம் விஷயம் தெரிந்த வீட்டுக்காரர் நான் வைத்த சோற்றைத் தொடவில்லை. ஆனால் சீசருக்குக் கஞ்சி ஊட்டியது அவர்தான்.

அந்த வார ஞாயிறு அண்ணன் காரில் வந்தார். கூடவே தங்கப்பல் தெரியச் சிரிக்கும் ஒரு பெரிய மனிதர், கையில் புதுச் சங்கிலி.

"காயிதம் என் பேர்ல இருக்கு, நாயக் கூட்டிட்டுப் போறேம்மா. ஐயா வீட்டுப் பெட்டைங்களுக்குச் சேக்க வேணுமாம். இந்தாங்க, நீங்க குடுத்த காசு."

மேசையில் அவர் வைத்த கவரின் மேல் நான் வைத்தியர் சீட்டை வைத்தேன். அண்ணன் படித்தார். நம்பாமல் குனிந்து சீசரின் பின்னங்கால்களுக்கு நடுவே பார்த்தார். பெரிய மனிதரும் குனிந்து பார்த்தார். பிறகு சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு காருக்குத் திரும்பினார்.

"ஜெர்மனி ரத்தம்மா! இப்பிடிப் பண்ணிட்டீங்களே!"

"நீங்க சொன்ன சட்டந்தானேண்ணே."

அண்ணன் பையிலிருந்த காகிதத்தை எடுத்து மேசையில் எறிந்தார். "வச்சுக்கங்க. இனிமே இந்த நாய எவன் கேப்பான்?"

"எவனும் கேக்கக் கூடாதுன்னுதாண்ணே பண்ணேன்."